அரை அங்குலம்

விமானத்தில் ஜன்னலோர இருக்கை பெரியவளுக்குத்தான் போட்டிருந்தது. சிட்டு போய் உட்கார்ந்துகொண்டாள்.

"அக்கா, நீ எப்படியும் தூங்கிடுவ. உனக்கு எதுக்கு ஜன்னல்?"

ஒன்பது மணி நேரம். பெரியவள் பொட்டுக்கூடக் கண் மூடவில்லை. சிட்டு பத்து நிமிடம் மேகத்தைப் பார்த்து "ஐயோ, ஐயோ" என்றாள். பிறகு பெரியவளின் தோளில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்தபடி, இறங்கும் வரை தூங்கினாள். ஜன்னல் சும்மா கிடந்தது.

இருவரும் அக்கா தங்கை பெற்ற பிள்ளைகள். பெரியவள் எட்டு மாதம் மூத்தவள். அது ஒன்றில்தான் முந்தினாள். பல் முளைத்தது, பேச்சு வந்தது, சைக்கிள் விட்டது எல்லாவற்றிலும் சிட்டு. "சிட்டுவப் பாரு, சிட்டுவப் பாரு" என்று பெரியவளைப் பெற்றவளே சொல்லிச் சொல்லி வளர்த்தாள். துறுதுறுவென்று இருந்ததால் அவளுக்குச் சிட்டு என்று பேர் வந்தது. இவளுக்குப் பெரியவள் என்று வந்தது. அதை ஒரு பேர் என்று யாராவது சொல்வார்களா?

தையல் பள்ளியில் பெரியவள் தேடிப் போய்ச் சேர்ந்தாள். இதாவது தனக்கென்று இருக்கட்டும் என்று நினைத்தாள். மூன்றாம் மாதம் பக்கத்து மெஷினில் சிட்டு வந்து உட்கார்ந்தாள். "நீ இருக்கியேன்னுதான் வந்தேன்" என்றாள். பொய்யும் இல்லை. அதுதான் கொடுமை. வருடம் திரும்புவதற்குள், பொத்தானுக்குக் காஜா எடுப்பதில் சிட்டுவை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்று பள்ளி முழுக்கப் பேச்சு.

அந்தப் பள்ளியில் ஒரு சட்டம் உண்டு. துணியில் கத்திரி வைக்கும் முன் இன்னொருத்தி வந்து கோட்டைப் பார்க்க வேண்டும். பார்த்து, "வெட்டு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தலையாட்டினால் செல்லாது. தவறு வந்தால் வெட்டியவளுக்குப் பாதித் திட்டு, சொன்னவளுக்குப் பாதித் திட்டு. இரண்டு வருடம் அப்படியே பழகி, பக்கத்தில் ஒருத்தி நின்று சொல்லாவிட்டால் கை ஓடாது என்று ஆகிவிட்டது. பெரியவளுக்குச் சிட்டு சொல்வாள். சிட்டுவுக்குப் பெரியவள் சொல்வாள்.

பள்ளி ஆண்டுதோறும் இரண்டு பேரை வெளிநாட்டில் கோட்டு தைக்கும் பட்டறை ஒன்றுக்குப் பத்து நாள் அனுப்பும். அவர்களில் ஒருத்தியைப் பட்டறை ஒரு வருடத்துக்கு வைத்துக்கொள்ளும். மற்றவள் திரும்பி வருவாள். இந்த ஆண்டு தேர்வில் முதல் இரண்டு இடமும் ஒரே குடும்பத்துக்கு வந்தது. வீட்டில் பெருமை தாங்கவில்லை. பெரியவளுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. சிட்டு இல்லாத ஒரு ஊரில் ஒரு வருடம் இருக்க வேண்டும். அங்கே யாரும் அவளை இன்னொருத்தியோடு நிறுத்திப் பார்க்கக் கூடாது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

*

பட்டறை மூன்றாவது மாடியில் இருந்தது. நீளமான மேசைகள். ஜன்னலுக்குக் கீழே ட்ராம் வளைந்து திரும்பும்; ஒவ்வொரு முறையும் மேசைமேல் குண்டூசி டப்பாக்கள் கிலுகிலுக்கும். பட்டறைத் தலைவி ஐம்பது வயதுக்காரி. கோட்டின் கழுத்துப் பட்டை நிறைய குண்டூசி, வாயிலும் இரண்டு. அதைக் கடித்துக்கொண்டே பேசுவாள். முதல் நாளே சிட்டு அவளுக்குக் குண்டூசி என்று பேர் வைத்துவிட்டாள்.

பெரியவளுக்கு வாயைத் திறக்கவே கூச்சமாக இருந்தது. சிட்டு மொழி தெரியாமலே பேசினாள். கையால், புருவத்தால், சிரிப்பால். பொத்தான் மேசையில் மூன்று பெண்கள். அவர்கள் அவளுக்குப் பத்து வரை எண்ணச் சொல்லிக் கொடுத்தார்கள். அவள் அவர்களுக்குச் "சும்மா இரு" என்று சொல்லிக் கொடுத்தாள். மூவரும் நாள் முழுக்க அதையே சொன்னார்கள். ட்ராம் வந்தால் சும்மா இரு, நூல் அறுந்தால் சும்மா இரு. பெரியவளைப் பார்த்தால் மட்டும் மரியாதையாகக் காலை வணக்கம் சொன்னார்கள். சாயங்காலத்திலும்.

தமிழ் தெரிந்த ஆள் ஒருவர் இருந்தார். இஸ்திரிக்காரர். பதினோரு வருடமாக அங்கே இருக்கிறார். குண்டூசி சொல்வதை அவர்தான் நீராவிக்குள்ளிருந்து தமிழில் சொல்வார்.

"நேத்து போட்ட காலர் நல்லாருக்காம். காஜா அதைவிட நல்லாருக்காம்."

காலர் பெரியவளுடையது.

நான்காம் நாள் மத்தியானம் பொத்தான் மேசைப் பெண்கள் வந்து சிட்டுவின் கையைக் கோத்துக்கொண்டார்கள். எதிரில் ரொட்டிக் கடைக்குப் போகிறார்கள்.

"அக்கா, வா."

"எனக்குப் பசிக்கல."

சிட்டு போய்விட்டாள். இரண்டாம் முறை கூப்பிட்டிருந்தால் பெரியவள் போயிருப்பாள். ஜன்னல் ஓரமாக நின்று பார்த்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிட்டு வாய் நிறைய ரொட்டியோடு எதையோ நடித்துக் காட்டினாள். மற்றவர்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். யாரை நடித்துக் காட்டுகிறாளோ. தன்னைத்தான் என்று பெரியவளுக்குத் தோன்றியது. வயிறு எரிந்தது. பாதி பசி.

"என்ன தங்கச்சி, விரதமா?" இஸ்திரிக்காரர் தன் டப்பாவை மேசைமேல் வைத்துத் திறந்தார். "நாளைக்கு உங்களுக்குத் துணி தருவாங்க. ஆளுக்கு ஒரு கோட்டு. ஒண்ணு சொல்றேன், நல்லாக் கேட்டுக்க. உங்க பள்ளிக்கூடத்துல பேப்பர் கட்டிங் எப்படி? தையலுக்கு விடற துணியும் சேத்துத்தானே பேப்பர் இருக்கும்?"

"ஆமாண்ணா. பேப்பர் ஓரமாவே வெட்டுவோம்."

"இங்க அப்படி இல்ல. பேப்பர்ல உடம்பு அளவு மட்டும்தான். பேப்பரச் சுத்திக் கோடு போட்டு, அதுக்கு வெளிய அரை அங்குலம் விட்டு இன்னொரு கோடு போடணும். அந்த வெளிக் கோட்டுலதான் கத்திரி. இத யாரும் சொல்லித் தரமாட்டாங்க. உலகத்துக்கே தெரியும்னு நெனப்பு." அவர் ஒரு வாய் சாப்பிட்டார். "நான் வந்த புதுசுல கட்டிங் மாஸ்டர். எட்டு கால்சட்டை ஒரே மூச்சுல வெட்டினேன், பேப்பர் ஓரமா. எட்டும் சின்னப் பசங்களுக்குத்தான் ஆச்சு. அன்னிக்கு இஸ்திரிப் பெட்டியக் கையில குடுத்தாங்க. இன்னும் கீழ வைக்கல."

பெரியவள் சிரித்தாள். வந்ததிலிருந்து அன்றுதான் சிரித்தாள்.

"அவகிட்டயும் சொல்லிடு" என்றார் அவர்.

சொல்லத்தான் நினைத்தாள். சாயங்காலம் அறைக்குப் போனதும் சொல்லிவிடலாம் என்று இருந்தாள். அறைக்குள் வந்த சிட்டுவின் கழுத்தில் ஒரு சிவப்புத் துணி சுற்றியிருந்தது.

"அவங்க குடுத்தாங்க. குளிருமாம் எனக்கு. பாரேன், எவ்வளவு மெத்துனு! அப்புறம்க்கா, குண்டூசி என் காஜாவ எடுத்துட்டுப் போய் கீழ் மாடிக்காரங்களுக்கெல்லாம் காட்டுச்சாம். எனக்கு வெக்கமாப் போச்சு."

வெட்கம் அவள் முகத்தில் எங்கே என்று பெரியவள் தேடினாள். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டாள்.

காலையில் சித்தி போனில் வந்தாள். சிட்டு பல் தேய்த்துக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டாள்.

"பெரியவளே, சாப்பிட்டியாம்மா? எனக்கு ஒரே கவலைடி. இவள ஒரு வருஷம் அங்க தனியா விட்டுட்டு வரணுமே. ஒரு சட்டை மடிக்கத் தெரியுமா இவளுக்கு? நீ கிளம்பறதுக்குள்ள எல்லாம் சொல்லிக் குடுத்துட்டு வா."

"அம்மா, இன்னும் ஒண்ணும் முடிவாகலம்மா" என்று சிட்டு நுரையோடு கத்தினாள்.

"ஆகாம என்ன."

பெரியவள் தலையைச் சீவிக்கொண்டிருந்தாள். சீப்பு ஒரு சிக்கில் நின்றது. பிடுங்கி இழுத்தாள். அன்று காலையும் அவள் சொல்லவில்லை.

*

சாம்பல் நிறக் கம்பளித் துணி. குண்டூசி அளந்து, ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தாள். கூடுதலாக ஒரு சாண் கிடையாது. பேப்பர் கட்டிங் ஒரு கட்டு. நான்கு நாளில் கோட்டு முடிய வேண்டும். முடிந்ததும் ஒருத்தியின் பேரைச் சொல்வாள். இதைச் சொல்லிவிட்டு, குண்டூசி யாரோ வாடிக்கையாளருக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று கிளம்பிப் போய்விட்டாள். இஸ்திரிக்காரர் உள்ளறையில் இருந்தார்.

சிட்டு துணியை விரித்தாள். பேப்பரைப் பரப்பினாள். சாக்பீஸ் அவள் கையில் ஓடுவதைப் பார்த்தால் யாருக்கும் பொறாமை வரும். தயங்காது, நிற்காது, திரும்ப வராது. முன்பக்கம், பின்பக்கம், கை, காலர். கால் மணி நேரத்தில் முடித்தாள்.

"அக்கா, வந்து பாரு. எவ்வளவு துணி மிச்சம் பாத்தியா? குண்டூசி அசந்துடும்."

பெரியவள் வந்தாள். கோடு பேப்பரை ஒட்டியே போயிருந்தது. முடி அளவு கூட விலகவில்லை. அவ்வளவு சுத்தமான கோடு. அதற்கு வெளியே இன்னொரு கோடு இல்லை.

மேசையைச் சுற்றி நடந்தாள். ஒவ்வொரு துண்டாகப் பார்த்தாள். சொல்வதற்கு ஒரு வாக்கியம் போதும். வாக்கியம் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. 'ஆகாம என்ன' என்று சித்தியின் குரல் காதில் கேட்டது.

"என்னக்கா, நூல் நூலா எண்ணுற? நல்லாருக்கா இல்லையா?"

"நல்லாருக்கு."

"அப்ப சொல்லு."

ட்ராம் திரும்பியது. டப்பாக்கள் கிலுகிலுத்தன.

"வெட்டு" என்றாள் பெரியவள்.

கத்திரி கம்பளியைக் கடிக்கும் சத்தம் வேறு மாதிரி. கரகரவென்று, புல் மேய்வதுபோல. பெரியவள் தன் மேசைக்குப் போய் அந்தச் சத்தத்துக்கு முதுகைக் காட்டி நின்றாள். தன் துணியில் பேப்பரைச் சுற்றி ஒரு கோடு போட்டாள். அதற்கு வெளியே, ஸ்கேல் வைத்து, அரை அங்குலத்தில் இன்னொரு கோடு. பின்பக்கத் துண்டை முடித்தாள். அழகாகத்தான் இருந்தது.

கத்திரிச் சத்தம் நின்றது.

"இரு, வரேன். உன்னுதப் பாக்குறேன்."

பெரியவளின் ஸ்கேல் துணிமேல் அப்படியே நின்றது. அவளும் யாரிடமாவது காட்டித்தான் வெட்ட வேண்டும் என்பதை அவள் எப்படி மறந்தாள்? எல்லாவற்றையும் யோசித்தவள் இதை யோசிக்கவில்லை.

"வேணாம். நானே வெட்டிக்கிறேன்."

"நானேவா? அப்புறம் பாதித் திட்டு யார் வாங்குறது? கெட்ட பழக்கம் வருது உனக்கு." சிட்டு சிரித்துக்கொண்டே மேசையைச் சுற்றி வந்தாள்.

நான்கு எட்டு தூரம். இரண்டாவது கோடு வெள்ளை வெளேரென்று கிடந்தது. அது கிடந்தால் சிட்டு கேட்பாள். இது என்னக்கா? எப்பத் தெரியும்? இப்போது நினைவு வந்தது என்று சொல்லலாம். ஒரு நிமிடம் முன்புதானே பார்த்து வெட்டச் சொன்னாய் என்பாள். அவள் முகத்தில் அது படிப்படியாகப் புரிவதைப் பெரியவள் நின்று பார்க்க வேண்டும்.

பெரியவள் உள்ளங்கையால் வெளிக் கோட்டைத் தேய்த்தாள். ஒரே இழுப்பு. கை வெளுத்தது.

"என்ன அழிக்கிற?"

"கோடு கோணலாப் போச்சு."

"உனக்கா? அதிசயமா இருக்கே." சிட்டு குனிந்து பார்த்தாள். உள் கோட்டின் மேல் விரலை ஓட்டினாள். "இது சரியாத்தான் இருக்கு. மத்ததையும் போடு." பக்கத்திலேயே நின்றாள். பெரியவள் மற்றத் துண்டுகளுக்கும் ஒரே ஒரு கோடு போட்டாள்.

"ம். வெட்டு."

பெரியவள் தன் கையாலேயே வெட்டினாள்.

*

ஏழாம் நாள் காலை சிட்டு "ஐயையோ" என்று கத்தினாள். மெஷின்கள் நின்றன. அவள் கையில் கோட்டின் ஒரு கை, மேசையில் பிரிக்கத் தோதாகக் கச்சாத் தையல் போட்ட உடம்புப் பகுதி. கைக்குழியில் கை உட்காரவில்லை. டேப்பை எடுத்து அளந்தாள். இன்னொரு முறை அளந்தாள். பேப்பரை விரித்து அதன்மேல் அளந்தாள்.

"அக்கா!" ஓடி வந்தாள். "அக்கா, பேப்பர்ல தையலுக்குத் துணியே விடலக்கா! வெறும் உடம்பளவு! நாம ரெண்டு பேரும் ஓரமா வெட்டிட்டோம்!"

"அப்படியா" என்றாள் பெரியவள்.

"கேளு, கேளு. ஒரு வழி இருக்கு. அரை அங்குலம் பிடிச்சாத்தானே சின்னதாப் போகும்? அரிசி அளவுக்குப் பிடிச்சுத் தைச்சிடலாம். பிரியாம இருக்க உள்ள ஓரத்துக்கு மிச்சத் துணிய வெச்சுப் பட்டி கட்டிடலாம். எல்லாத்தையும் பிரிக்கணும். உனக்குப் பக்கத் தையல் போட்டாச்சா? நானும் பிரிச்சுத் தரேன், குடு."

சிட்டுவுக்குத் தெரிந்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் ஓடிவந்து சொல்லிவிட்டாள். வழியும் கண்டுபிடித்துவிட்டாள். பெரியவள் மூன்று நாளாக வயிற்றில் கட்டி வைத்திருந்ததை, இவள் பொத்தான் எடுத்துக் கொடுப்பதுபோலக் கையில் கொடுக்கிறாள்.

"என்னுது சரியாத்தான் வருது" என்றாள் பெரியவள்.

"எப்படிக்கா வரும்? ஒரே பேப்பர்தானே?"

"உன் வேலையப் பாரு. எனக்குத் தெரியும்."

சிட்டுவின் முகம் சுண்டிப்போனது. திரும்பிப் போய்ப் பிரிக்க உட்கார்ந்தாள். பெரியவள் அரை அங்குலம் பிடித்தே தைத்தாள். சிட்டு சொல்லி ஒரு தையலைப் பிரிப்பதா? கை எரிந்தது, கண் எரிந்தது, தையல் மட்டும் நூல் பிடித்ததுபோல நேராகப் போனது.

மத்தியானம் துண்டுகளை இஸ்திரிக்குக் கொண்டுபோனாள். இஸ்திரிக்காரர் பலகையில் போட்டுத் தையலை விரித்தார். பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்தார்.

"தங்கச்சி, நான் சொன்னேனே?"

"மறந்துட்டேண்ணா."

"நீ மறந்த. சரி. அவளுமா மறந்தா?"

நீராவி உஸ்ஸென்று வந்தது. அவர் அதற்குப் பிறகு அவளைத் தங்கச்சி என்று கூப்பிடவில்லை.

*

ஒன்பதாம் நாள் குண்டூசி இரண்டு கோட்டையும் பொம்மைகளுக்கு மாட்டப் பார்த்தாள். இரண்டும் ஏறவில்லை. வாயிலிருந்த ஊசிகளை எடுத்தாள். அன்றுதான் அவள் ஊசி இல்லாமல் பேசியதை இருவரும் பார்த்தார்கள். இஸ்திரிக்காரரைப் பார்த்து ஏதோ கேட்டாள். அவர் பெரியவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சுருக்கமாக ஏதோ சொன்னார்.

"இவங்களுக்கு யாரும் சொல்லலையான்னு கேட்டாங்க" என்று தமிழில் சொன்னார். "சொல்லலன்னு சொன்னேன்."

குண்டூசி தன் நெற்றியில் தானே தட்டிக்கொண்டாள். தவறு எங்களுடையது என்று அதற்கு அர்த்தம். பிறகு கோட்டுகளை உள்புறம் வெளியே வரத் திருப்பினாள்.

சிட்டுவுடையதைப் பார்த்ததும் கை நின்றது. அரிசி அகலத் தையல். ஒவ்வொரு ஓரத்திலும் பட்டி. பொம்மையைவிட ஒல்லியான சிட்டுவுக்கே கோட்டை மாட்டிவிட்டாள். மூன்று பொத்தானும் பூட்டிக்கொண்டன. பொத்தான் மேசைப் பெண்கள் கைதட்டி, தெரிந்த ஒரே தமிழில் "சும்மா இரு! சும்மா இரு!" என்று கத்தினார்கள். சிட்டு அழுதுகொண்டே சிரித்தாள்.

பெரியவளின் கோட்டைக் குண்டூசி வெளிச்சத்தில் பிடித்தாள். வெகுநேரம் பார்த்தாள். இஸ்திரிக்காரர் கீழே பார்த்தபடி சொன்னார்.

"தையல் இதுதான் சுத்தமாம். ஆனா சின்னதாப் போறது பாதி வழியிலயாவது தெரிஞ்சிருக்கணுமாம். தப்பு பண்றது பெரிசில்ல. கடைசி வரைக்கும் தெரியாமலே தைச்சதுதான் பெரிசாம்."

தெரியாமலே. பெரியவள் கோட்டைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

*

சாயங்காலம் பெரியவள் பெட்டி அடுக்கினாள். பட்டறை சிட்டுவை வைத்துக்கொண்டது; பெரியவளுக்கு மறுநாள் விமானம். சிட்டு கட்டிலில் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு இன்னும் சொல்லவில்லை. அக்கா இருக்கும்போது சொல்ல அவளுக்குச் சங்கடமாக இருந்தது. அந்தச் சங்கடத்தையும் பெரியவள் பார்த்தாள்.

"அக்கா, நீ வருத்தப்படாத. உன் தையல்தான் சுத்தம்னு குண்டூசியே சொல்லிச்சுல்ல?"

"ம்."

"நான்தான் உன்னுதுக்கும் வெட்டுன்னு சொன்னேன். எனக்கும் பாதித் திட்டு உண்டு."

பெரியவள் ஒரு சட்டையை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"பெரியம்மா ஏதாவது கேட்டா நான் பேசிக்கிறேன். அவ என்ன பண்ணுவா, அவளுக்குத் தெரியல, பாவம்னு சொல்லிடறேன்."

"எனக்குத் தெரியும்" என்றாள் பெரியவள்.

"என்ன தெரியும்?"

"அரை அங்குலம் விடணும்னு. நீ ரொட்டிக் கடைக்குப் போன அன்னிக்கே அண்ணன் எங்கிட்ட சொல்லிட்டார். உங்கிட்டயும் சொல்லச் சொன்னார்."

சிட்டு சிரித்தாள். "சும்மா சொல்ற."

"ரெண்டு கோடு போட்டிருந்தேன். நீ வந்த. அழிச்சேன்."

சிட்டுவின் சிரிப்பு உடனே போய்விடவில்லை. கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டு நின்றது. பிறகு உரிந்து விழுந்தது.

"அப்ப என்னுதப் பாத்தியே. சுத்திச் சுத்திப் பாத்தியே."

"ஆமா."

"பாத்துட்டா சொன்ன?"

"பாத்துட்டுத்தான் சொன்னேன்."

சிட்டு கட்டிலை விட்டு இறங்கினாள். கழுத்துத் துணியை உருவி எறிந்தாள். பேச்சு வரவில்லை. சிட்டுவுக்குப் பேச்சு வராமல் பெரியவள் அதுவரை பார்த்ததே இல்லை.

"அம்மாகிட்ட சொல்லுவேன்" என்றாள் கடைசியில். குரல் கிழிந்தது. "பெரியம்மாகிட்ட சொல்லுவேன். பள்ளிக்கூடத்துல சொல்லுவேன். இனிமே ஒருத்தியும் உன்னப் பக்கத்துல நிக்க விடமாட்டா."

"சொல்லு."

"சொல்லத்தான் போறேன்!"

"சொல்றதுதான் சொல்ற, முழுசாச் சொல்லு. உனக்கு மூணு நாள் முன்னாடியே எனக்குத் தெரியும்னு சேத்துச் சொல்லு."

சிட்டு அவளையே பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள். பெரியவள் பெட்டியைப் பூட்டிவிட்டு, அந்தப் பக்கம் பேசுவது கேட்கும் தூரத்தில், கட்டிலின் ஓரமாக வந்து உட்கார்ந்தாள்.